ஹெர்-2 மார்பகப் புற்றுநோய் ஆய்வு

ஹெர்-2 என்னும் புரதம் புற்றணுக்களின் மேற்பரப்பில் அளவுக்கு மிஞ்சிக் காணப்படும் மார்பகப் புற்றுநோய், ஹெர்-2 வகை எனப்படுகிறது. மார்பகப் புற்றுநோய் கண்டவர்களில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காட்டினருக்கு இவ்வகை உள்ளது. விரைந்து வளரும் இந்நோய்க்கு ட்ராஸ்டுசுமாப் என்ற மருந்து உருவான வரலாறு, ஆய்வகத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையே இரு திசையிலும் அறிவு பாய்ந்ததற்குச் சிறந்த சான்று.

மரபணு

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ராபர்ட் வைன்பெர்க் குழுவினர், எலிகளின் நரம்புக் கட்டிகளில் 'நியூ' என்னும் புற்று மரபணுவைக் கண்டறிந்தனர். அதற்கு இணையான மனித மரபணுவை 1985இல் ஜெனென்டெக் நிறுவனத்தின் ஆக்செல் உல்ரிச் குழுவினர் பிரித்தெடுத்தனர். 17ஆம் குரோமோசோமில் உள்ள இம்மரபணு, வளருமாறு செல்லுக்குள் குறிப்பு அனுப்பும் ஹெர்-2 என்ற ஏற்பியை உருவாக்குகிறது. இரண்டு படிகளே இருக்க வேண்டிய மரபணு பல படிகளாகப் பெருகும்போது ஏற்பிகளும் பெருகிச் செல் ஓயாமல் பிரிகிறது.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் ஸ்லேமன், 189 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்து 1987இல் முடிவை வெளியிட்டார். அவற்றில் சுமார் 30 விழுக்காட்டில் இம்மரபணு பெருகியிருந்தது. அப்பெண்களுக்கு நோய் விரைவில் திரும்பியது, ஆயுளும் குறைந்தது. எலியில் தெரியவந்த மரபணு, மனித நோயின் போக்கோடு இவ்வாறு இணைந்தது.

மருந்து

ஏற்பியைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரி முதலில் சுண்டெலியிலிருந்து பெறப்பட்டது. அதை அப்படியே செலுத்தினால் மனித உடல் அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்கும். எனவே பற்றும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மனிதப் புரதமாக மாற்றியமைத்தனர். இப்பணி 1992இல் வெளியானது. ட்ராஸ்டுசுமாப் வளர்ச்சிக் குறிப்பைத் தடுப்பதுடன், நோயெதிர்ப்புச் செல்களையும் கட்டியின் மீது ஏவுகிறது.

நோய் பிற உறுப்புகளுக்குப் பரவிய 469 பெண்களிடம் நடந்த சோதனையில், கீமோதெரபி மட்டும் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 20.3 மாதங்கள், இம்மருந்தும் சேர்த்துப் பெற்றோருக்கு 25.1 மாதங்கள். 1998 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது.

நோயறிதல்

மருந்துடன், யாருக்கு அது பயன்படும் என்று காட்டும் திசுப் பரிசோதனைக்கும் அனுமதி கிடைத்தது. ஹெர்-2 மிகுந்தவர்களைத் தேர்ந்தெடுக்காமல் எல்லா நோயாளிகளிடமும் சோதித்திருந்தால், ஐந்தில் ஒருவருக்குக் கிடைத்த பலன் மற்றவர்களின் கணக்கில் கரைந்திருக்கும். இன்று பயாப்ஸி திசுவைச் சாயமேற்றி 0 முதல் 3+ வரை மதிப்பிடுகின்றனர். 2+ என்றால் ஐயம் நீங்க, மரபணுப் படிகளை எண்ணும் ஃபிஷ் சோதனை செய்யப்படுகிறது.

இதயப் பாதிப்பு

ட்ராஸ்டுசுமாபை ஆந்த்ராசைக்ளின் வகைக் கீமோதெரபி மருந்துகளோடு சேர்த்துப் பெற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கு இதயச் செயல்பாடு குன்றியது, 469 பெண்களிடம் நடந்த அச்சோதனையில் தெரிந்தது. இது ஏன் என்ற கேள்வி ஆய்வகத்துக்குத் திரும்பியது. ஹெர்-2 மரபணு இல்லாத எலிக்கருக்கள் இதயம் சரிவர உருவாகாமல் இறப்பது 1995இல் அறியப்பட்டிருந்தது. இதயத்தில் மட்டும் அது நீக்கப்பட்ட எலிகளுக்கு இதயத்தசை நலிந்ததை 2002இல் கண்டனர். வளர்ந்த இதயத்துக்கும் ஹெர்-2 தேவை என்பது இதனால் விளங்கியது. சிகிச்சைக் காலம் முழுவதும் குறித்த இடைவெளிகளில் இதய எக்கோ பரிசோதனை செய்வது வழக்கமானது.

பிந்தைய வளர்ச்சி

தொடக்கநிலை நோயில், அறுவைச் சிகிச்சைக்குப் பின் இம்மருந்தைச் சேர்த்தால் நோய் திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைவதை 2005இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஏற்பியின் வேறு பகுதியைப் பற்றும் பெர்டுசுமாப் 2012இல் வந்தது. பிறபொருளெதிரியோடு செல்கொல்லி மருந்தைப் பிணைத்த ட்ராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான், ஹெர்-2 குறைவாக உள்ள கட்டிகளிலும் பயன் தருவதை 2022 சோதனை காட்டியது. இதனால் முன்பு 'ஹெர்-2 இல்லை' எனக் கணக்கிடப்பட்ட பல கட்டிகள் மருந்தின் எல்லைக்குள் வந்தன.

2014இல் பெங்களூருவின் பயோகான் நிறுவனம் ட்ராஸ்டுசுமாபின் உயிரி ஒப்புமருந்தை இந்தியச் சந்தையில் வெளியிட்டது. 2015இல் உலகச் சுகாதார நிறுவனம் ட்ராஸ்டுசுமாபை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இம்மருந்தின் உருவாக்கத்தில் பங்காற்றிய உல்ரிச், ஸ்லேமன், மைக்கேல் ஷெப்பர்ட் ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.