மதகு இல்லாத ஏரி



ஏரிப் பாசனம் உள்ள ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு செய்தி நன்கு தெரிந்திருக்கும். ஏரிக்குக் கரை மட்டும் இருந்தால் போதாது. வேண்டும்போது நீரைத் திறந்துவிட மதகு வேண்டும். ஏரி நிரம்பியபின் மிகுதி நீர் தானே வழிந்தோடக் கலங்கல் வேண்டும். மண்கரையின் தலைக்கு மேல் நீர் புரளத் தொடங்கினால் கரை நெடுநேரம் நில்லாது. சிறு அரிப்பு பெரும் உடைப்பாகிவிடும். எளிய இந்த உண்மையைச் சிலர் புறக்கணித்ததால் ஒரு நகரமே ஒரு பிற்பகலில் அழிந்தது. அந்த வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மலைகளுக்கிடையே சவுத் போர்க் என்னும் சிற்றாறு ஓடுகிறது. கோடையில் படகுக் கால்வாய்க்கு நீர் தருவதற்காக அம்மாநில அரசு இவ்வாற்றின் குறுக்கே ஒரு மண்ணணை கட்டியது. வேலை 1853-இல் முடிந்தது. அணையின் உயரம் 72 அடி. நீளம் 931 அடி. நீரை வெளியேற்ற, அடியில் ஐந்து இரும்புக் குழாய்கள் பதித்திருந்தனர். அணை முடிவதற்குள் இரயில்பாதை வந்துவிட்டது. கால்வாய்க்கு வேலை இல்லாமற் போயிற்று. 1857-இல் கால்வாயும் அணையும் ஓர் இரயில்வே கம்பெனிக்கு விற்கப்பட்டன. 1862-இல் கரையின் ஒரு பகுதி உடைந்தது. ஏரியில் நீர் குறைவாக இருந்தபடியால் பெருங்கேடு நேரவில்லை. 1875-இல் அணையை வாங்கிய ஒருவர், அந்த ஐந்து குழாய்களையும் பெயர்த்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்.

1879-இல் அந்த இடம், பிட்ஸ்பர்க் நகரத்துச் செல்வர்கள் அமைத்த மீன்பிடி, வேட்டைச் சங்கத்தின் கைக்கு வந்தது. ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி கிளே பிரிக், ஆண்ட்ரூ மெலன் முதலிய பெருந்தொழிலதிபர்கள் அதன் உறுப்பினர் ஆயினர். உடைப்பை அடைத்தனர், ஏரியை நிரப்பினர், கரையோரம் கோடை இல்லங்கள் எழுப்பினர். படகோட்டமும் தூண்டிலும் அவர்களது பொழுதுபோக்கு.

அணையை அவர்கள் எவ்வாறு செப்பனிட்டனர் என்பதைக் கவனியுங்கள். தேர்ந்த பொறியாளர் ஒருவரின் மேற்பார்வை இல்லை. பெயர்த்த குழாய்களுக்குப் பதிலாகக் குழாய்கள் பதிக்கவில்லை. ஆகவே ஏரி மதகு இல்லாத ஏரியாயிற்று. கோச்சு வண்டிகள் செல்லக் கரையின் தலையை இரண்டு மூன்று அடி வெட்டித் தாழ்த்தி அகலமாக்கினர். விலை கொடுத்து வாங்கி விட்ட மீன்கள் தப்பாதிருக்கக் கலங்கலின் குறுக்கே இரும்பு வலைத்தட்டிகள் அமைத்தனர். உயர்ந்திருக்க வேண்டிய கரையின் நடுப்பகுதியோ சற்றே தாழ்ந்து கிடந்தது. இவற்றுள் எந்த ஒன்றும் பெருங்குற்றமாக ஒருவர் கண்ணுக்கும் தோன்றியிராது. எல்லாம் வசதிக்காகச் செய்த சிறு சிறு மாறுதல்களே.

அணைக்குப் பதினான்கு மைல் கீழே, நானூறு அடிக்கும் மேலான தாழ்வில், ஜான்ஸ்டவுன் என்னும் நகரம் இருந்தது. அதுவும் அதனை அடுத்த சிற்றூர்களுமாகச் சேர்ந்து ஏறத்தாழ 30,000 மக்கள் அப்பள்ளத்தாக்கில் வாழ்ந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் இரும்பாலைத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினரும் ஆவர். ஆலையின் தலைவர் டேனியல் மாரல் ஏரியை எண்ணிக் கவலையுற்றார். 1880-இல் ஜான் பல்டன் என்பவரை அனுப்பி அணையைச் சோதிக்கச் செய்தார். நீரை வடிக்கக் குழாய் இல்லை என்பதையும், செப்பனிட்ட முறை சரியில்லை என்பதையும் பல்டன் எழுதினார். சங்கத்தின் தலைவர் அதனை ஏற்கவில்லை. கீழே உள்ளவர்களுக்கு யாதோர் ஆபத்தும் இல்லை என்று மறுமொழி விடுத்தார். செப்பனிடும் செலவில் ஒரு பங்கைத் தாமே தருவதாக மாரல் சொன்னார். அதுவும் மறுக்கப்பட்டது. 1885-இல் அவர் காலமானார். அதன்பின் அவ்வளவு உறுதியாக வற்புறுத்துவார் எவரும் இல்லை. வெள்ளம் வருந்தோறும் அணை உடையும் என்ற பேச்சு எழுவதும், உடையாமல் நின்றுவிடுவதுமாக இருந்தமையால், மக்களுக்கு அச்சம் மறைந்து அது வேடிக்கைப் பேச்சாகிவிட்டது.

1889-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் இரவு பெருமழை பெய்தது. மறுநாள் காலையில் ஏரி மிக விரைவாக ஏறிற்று. சங்கத்தின் அப்போதைய தலைவர் ஆட்களைத் திரட்டிக் கரையை உயர்த்த முயன்றார். மற்றொரு கலங்கல் வெட்ட முயன்றார். தட்டிகளில் குப்பையும் மரக்கிளைகளும் அடைத்துக் கிடந்தவற்றை நீக்க முயன்றார். மதகு இருந்திருந்தால் முன்னரே திறந்திருக்கலாம். திறப்பதற்கு ஒன்றும் இல்லை. ஜான் பார்க் என்னும் இளம் பொறியாளர் குதிரையேறி அடுத்த ஊருக்கு விரைந்து எச்சரிக்கை அனுப்பச் செய்தார். தந்தி சென்றது, கேட்டவர் பலர் பொருட்படுத்தவில்லை.

பிற்பகல் மூன்று மணி அளவில் கரை உடைந்தது. அக்காலத்து மதிப்பீட்டின்படி 2 கோடி டன் நீர், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பள்ளத்தாக்கில் பாய்ந்தது. மரங்களையும் வீடுகளையும் இரயில் எஞ்சின்களையும் வாரிக்கொண்டு நான்கு மணி கடந்து சில நிமிடங்களில் ஜான்ஸ்டவுனைத் தாக்கியது. அடித்துவந்த சிதைவுகள் ஒரு கற்பாலத்தில் குவிந்து தீப்பற்றின. வெள்ளத்தில் தப்பியவர் சிலர் அத்தீயில் மாண்டனர். இறந்தோர் 2,209 பேர். அவருள் 99 குடும்பங்கள் ஒருவரும் எஞ்சாமல் அழிந்தன. எழுநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரின் உடல்கள் இன்னாருடையவை என்று அறியப்படாமலே புதைக்கப்பட்டன.

இது இயற்கையின் சீற்றமா, மனிதர் குற்றமா? வழக்குகள் தொடரப்பட்டன, சங்கத்தினர் ஒரு காசும் இழப்பீடு தர நேரவில்லை. தெய்வச் செயல் என்ற வாதமே வென்றது. அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் விசாரணைக் குழுவும், பழைய அணையே மாறாமல் இருந்திருந்தாலும் அம்மழையில் உடைந்தே இருக்கும் என்று முடிவு கூறிற்று. ஆனால் 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நிலத்தை அளந்து கணக்கிட்டு, கரையைத் தாழ்த்தியதால் மிகுதி நீரை வெளியேற்றும் ஆற்றல் பெரிதும் குறைந்தது என்றும், முதலிற் கட்டியவாறே இருந்திருந்தால் அணை தாங்கியிருக்கும் என்றும் காட்டியது. வரலாற்றில் முதல் தீர்ப்பே முடிந்த தீர்ப்பன்று என்பதற்கு இது நல்ல சான்று.

இவ்வகை வழக்கு நம் நாட்டிலும் எழுந்ததுண்டு. சென்னை மாகாணத்தில் கார்வேட்டிநகர் ஜமீனின் ஏரிகள் உடைந்து இரயில்பாதை சேதமுற்றபோது, 1874-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் ஜமீன்தாருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அவை தொன்றுதொட்டு மக்கள் வாழ்வுக்காகக் காக்கப்படும் ஏரிகள். கவனக்குறைவு இருந்தாலொழியக் காப்பவர் பொறுப்பாளி ஆகார் என்பது அதன் கருத்து. பலர் உண்ணும் சோற்றுக்கான ஏரியிலேயே கவனக்குறைவுக்கு மன்னிப்பு இல்லை எனில், சிலரது களிப்புக்கான ஏரியில் எவ்வளவு விழிப்பு வேண்டும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

1977-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் இரவு, ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரிக்குச் சொந்தமாயிருந்த, பொழுதுபோக்குக்கு மட்டுமே பயன்பட்ட சிற்றணை உடைந்து 39 பேர் உயிரிழந்தனர். அது நாற்பது அடி அளவே உயரமுள்ளது. அணைகளைச் சோதிக்கும் சட்டம் 1972-லேயே பிறந்திருந்தது, சோதனைதான் நடைபெறவில்லை. அந்தச் சாவுகளுக்குப் பின்னரே குடியரசுத் தலைவர் கார்ட்டர் சோதனைக்கு ஆணையிட்டார்.

சவுத் போர்க் அணையின் இரு முனைகளும் இன்றும் நிற்கின்றன. 1964 முதல் அவ்விடம் தேசிய நினைவிடமாக உள்ளது. இரு முனைகளுக்கும் இடையே, இத்துணை அழிவைச் செய்ததோ என வியக்குமாறு, அச்சிற்றாறு சிறிதாக ஓடுகிறது.

மாணவர்களே, இனி எந்த ஏரிக்கரையில் நின்றாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். மதகு எங்கே? கலங்கல் எங்கே? கரைக்குக் கீழே வாழ்பவர் யார்? முதல் இரண்டுக்கும் பொறியாளர் விடை சொல்வார். மூன்றாவதை ஏரிக்கு உடையவர் ஒருபோதும் மறவாதிருக்க வேண்டும்.