வீட்டில் பவளப்பாறைத் தொட்டி: சிங்கப்பூரில் முதலில் எதை வாங்கணும்?

"ரீஃப் டேங்க்" எப்படி அமைப்பது என்று இணையத்தில் தேடினால், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எடுத்த காணொளிகள்தான் வரிசையாக வரும். அவற்றில் சொல்லப்படும் சாமான் பட்டியலில் ஹீட்டர் தவறாமல் இருக்கும். தண்ணீரைச் சூடாக்கும் கருவி.

ஃபேன் ஓடியும் வேர்த்துக்கொட்டும் வீவக வீட்டு ஹாலில் அது எதுக்கு?

குளிர் நாட்டுக்காக எழுதிய பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் இரண்டு விஷயம் நடக்கும். பணம் பளபளக்கும் விளக்குக்குப் போய்விடும். வாங்கிவந்த பவளம் சில வாரத்தில் வெளிறிப்போகும். நம் ஊரில் வாங்க வேண்டிய வரிசையே வேறு.

வெப்பம்தான் முதல் தலைவலி

பவளம் பார்க்கச் செடி மாதிரி இருந்தாலும் அது ஒரு விலங்கு. அதன் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தைக் கொண்டு அவை தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடும். நிறமும் போகும், சாப்பாடும் போகும். இதைத்தான் வெளிறுதல் என்கிறோம். சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடலிலேயே 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் பெரிய அளவில் வெளிறின.

சரி, நம் கடல் வழக்கமாகவே 30 டிகிரி செல்சியஸை நெருங்கும். அங்கே பவளம் வாழுதே, தொட்டியை மட்டும் ஏன் 25இலிருந்து 27 டிகிரிக்குள் வைக்கணும்? நியாயமான கேள்விதான்.

கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாகக் குளிரும். 120 லிட்டர் தொட்டி அப்படியில்லை. மதிய வெயில், விளக்கின் சூடு, பம்பின் சூடு எல்லாம் சேர்ந்து சில மணி நேரத்தில் இரண்டு மூன்று டிகிரி ஏறிவிடும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும். 26இல் இருக்கும் தொட்டி ஒரு நாள் 28க்கு ஏறினால் சமாளிக்கலாம். 30இல் இருக்கும் தொட்டிக்கு அந்த இரண்டு டிகிரியே ஆபத்து.

அதனால் முதல் செலவு சில்லருக்கு. தண்ணீரை உள்ளே இழுத்துக் குளிரவைத்துத் திருப்பி அனுப்பும் கருவி அது. இரண்டடித் தொட்டிக்குப் பத்தில் ஒரு பங்கு குதிரைத்திறன் கொண்ட சில்லர் போதும் என்று பெட்டியில் போட்டிருக்கலாம். பெட்டியில் உள்ள கணக்கு பெரும்பாலும் அறை எவ்வளவு சூடு என்பதை உங்கள் வீட்டைப் பார்த்துச் சொல்வதில்லை. மேற்கு வெயில் விழும் ஹால் என்றால் ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள். சின்ன சில்லர் ஓயாமல் ஓடிச் சீக்கிரம் தேயும். பெரியது கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும்.

சில்லரைத் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தும் பழக்கம் பலருக்கு உண்டு. நானும் அதைச் செய்தேன், அழகா இருக்குமேன்னு. தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அது எங்காவது விட்டாகணும். மூடிய அலமாரிக்குள் விட்டால் தன் சூட்டையே தானே திரும்ப இழுக்கும். இரண்டு நாளில் அலமாரியின் உள்பக்கம் அடுப்பு மாதிரி ஆயிடுச்சு, தொட்டி 29 டிகிரி. பின்பலகையைக் கழற்றிய பிறகுதான் இறங்கியது.

சில்லருக்குப் பதிலாக, தண்ணீரின் மேல் காற்று வீசும் சின்ன ஃபேன் போதாதா? ஓரளவு போதும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், இரண்டு டிகிரி வரை குறையலாம். ஆனால் நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், மழை நாளில் ஃபேன் கைகொடுக்காது. இரவு பகலாக ஏர்கான் ஓடும் அறையில் மட்டும் ஃபேனோடு ஒப்பேற்றிவிடலாம். ஹீட்டர்? ஏர்கானை 20 டிகிரியில் வைத்துத் தூங்குபவர் வேண்டுமானால் சின்னதாக ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றலாமா?

நமக்குக் குடிக்க நல்ல தண்ணீர்தான். ஆனால் கிருமி வளராமல் இருக்க அதில் குளோரமின் சேர்க்கப்படுகிறது. சாதாரண குளோரின் போல அது வாளியில் ஒரு இரவு வைத்தால் பறந்துபோகாது. அதை உடைத்தால் அம்மோனியா மிஞ்சும். பவளத்துக்கும் மீனுக்கும் இரண்டுமே ஆகாது.

எனவே இரண்டாவது செலவு, ஆர்ஓ டிஐ எனப்படும் வடிகட்டி. கரி, சவ்வு, பிசின் என்று பல கட்டமாகத் தண்ணீரைச் சுத்தம் செய்யும். வெளியே வரும் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை வைத்தால் 0 காட்டணும். காட்டாவிட்டால் பிசினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் கடல் உப்பைக் கரைத்து, 1000 பங்குக்கு 35 பங்கு உப்பு என்ற அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், விலை மலிவு. மிதக்கும் பிளாஸ்டிக் கருவியை நான் நம்ப மாட்டேன்.

இங்கே புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. தொட்டியில் நீர் ஆவியாகிக் குறையும்போது உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் குறைந்ததை ஈடுகட்ட உப்பில்லாத தண்ணீரைத்தான் ஊற்றணும். உப்புநீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் நாளுக்கு நாள் உப்பு ஏறும். நீர்மட்டத்தைப் பார்த்துத் தானாக நிரப்பும் கருவியை ஏடிஓ என்பார்கள். காலையில் வேலைக்குப் போய் இரவில் வீடு திரும்புபவருக்கு இது அவசியம். ஏடிஓவுக்காக எடுத்துவைக்கும் நல்ல தண்ணீர் வாளியை இறுக்கி மூடுங்கள். திறந்து வைத்தால் அதுவே ஏடிஸ் கொசு முட்டையிடும் இடம். அதிகாரி வந்து பார்த்தால் "இது பவளத்துக்கு சார்" என்ற பதில் எடுபடாது.

விளக்கு, அலை, ஸ்கிம்மர்

கடையில் மனம் போவது விளக்கின் மீதுதான். எந்தப் பவளம் வைக்கப் போகிறீர்கள் என்று முடிவுசெய்யாமல் விளக்கு வாங்காதீர்கள். வெளிச்சத்தை இங்கே பார் என்ற அளவில் சொல்வார்கள். காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்மையானவற்றுக்கு 50 முதல் 150 வரை போதும். கிளை கிளையாக வளரும் அக்ரோபோராவுக்கு 200க்கு மேல் வேண்டும். முதல் வருடத்தில் அக்ரோபோரா வேண்டாம். அது வேண்டாம் என்றால் நடுத்தர நீல எல்இடி விளக்கே தாராளம், மிச்சமான பணத்தைச் சில்லருக்குக் கொடுங்கள்.

பவளம் நகராது. சாப்பாடும் ஆக்சிஜனும் அதைத் தேடி வரணும். அதற்குத்தான் அலை உண்டாக்கும் பம்பு. மென்பவளத் தொட்டிக்கு மணிக்குத் தொட்டி நீரைப்போல் 10இலிருந்து 20 மடங்கு சுழன்றால் நல்லது. 120 லிட்டருக்கு 2,400 லிட்டர் பம்பு ஒன்று. நேராகப் பவளத்தின் முகத்தில் அடிக்காதபடி திருப்பிவிடுங்கள்.

ஸ்கிம்மர், குமிழிகளை வைத்துக் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும். நல்ல கருவிதான், ஆனால் காத்திருக்கலாம். மீன் இரண்டு மூன்றுதான், வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவேன் என்றால் முதல் ஆறு மாதம் அது இல்லாமலேயே ஓட்டலாம்.

மின்கட்டணம் எவ்வளவு வரும்?

சில்லர் 200 வாட், நாளில் பாதி நேரம் ஓடுகிறது: 2.4 யூனிட். விளக்கு 80 வாட், 9 மணி நேரம்: 0.72. பம்புகள் எல்லாம் சேர்த்து 40 வாட், 24 மணி நேரம்: 0.96. நாளுக்கு நான்கு யூனிட்டுக்குச் சற்று மேல், மாதத்துக்குச் சுமார் 122. ஒரு யூனிட் 30 காசு என்று வைத்துக்கொண்டால் மாதம் ஏறத்தாழ 37 வெள்ளி. அதில் பாதிக்கு மேல் சில்லருக்கு மட்டும். அப்பா அம்மாவோடு இருப்பவர்கள் இதை முதலிலேயே வீட்டில் பேசிவிடுவது நல்லது. பில் வந்த பிறகு பேசுவது கஷ்டம்.

எடையையும் பேசணும். 60 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம் என்றால் நீர் மட்டும் சுமார் 120 லிட்டர். கீழே உள்ள சம்ப் தொட்டி, கல், கண்ணாடி, அலமாரி எல்லாம் சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டும். சுவர் ஓரமாக வைக்கலாம், ஹால் நடுவில் வேண்டாம். நான்கடி, ஐந்தடித் தொட்டி ஆசை இருந்தால் வாங்குவதற்கு முன்பே தளம் எவ்வளவு தாங்கும் என்று வீவகவிடமோ கூட்டுரிமை வீட்டு நிர்வாகத்திடமோ கேளுங்கள்.

பழைய சாமான் வாங்கலாமா?

தாராளமாக. இந்தப் பொழுதுபோக்கை ஒரே வருடத்தில் விட்டுவிடுபவர்கள் நிறைய, அதனால் இணையத்தில் நல்ல சாமான் பாதி விலைக்குக் கிடைக்கும். சில்லரை ஓடவிட்டுப் பாருங்கள். கால் மணி நேரத்தில் பின்னால் சூடான காற்று வராவிட்டால் எரிவாயு கசிந்திருக்கலாம், விட்டுவிடுங்கள். தொட்டி வாங்கினால் மீன் நோய்க்குத் தாமிர மருந்து போட்டார்களா என்று கேளுங்கள். தாமிரம் மீனைக் காப்பாற்றும், பவளத்தையும் இறாலையும் கொல்லும். சிலிக்கான் ஒட்டில் அது தங்கிவிடக்கூடும்.

பழைய கல்லோடு சேர்த்துக் கொடுத்தால் இன்னொரு எச்சரிக்கை. கல்லைச் சுத்தம் செய்ய வெந்நீரில் கொதிக்கவிடவே கூடாது. அதில் ஒட்டியிருக்கும் சில ஸோவான்தட் வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. கையுறை போடாமல் தொடவும் வேண்டாம்.

பவளத்தைக் கடையில் வாங்கும்போது, இங்கேயே வெட்டி வளர்த்த துண்டா என்று கேளுங்கள். விலையும் குறைவு, தொட்டி வாழ்க்கைக்கும் பழகியிருக்கும். தியோமான் போய்விட்டு வரும்போது கடற்கரையில் கிடந்த துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். கடினப் பவளங்கள் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் 2ஆம் பட்டியலில் இருக்கின்றன. சிங்கப்பூருக்குள் கொண்டுவர அனுமதி வேண்டும், காய்ந்துபோனதாக இருந்தாலும்.

எல்லாம் வாங்கி நீர் நிரப்பிய பிறகு, உயிருள்ள எதையும் போடாமல் நான்கிலிருந்து ஆறு வாரம் ஓடவிடணும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளர அவ்வளவு காலம் ஆகும். அந்த நாள்களில் தினமும் மதியம் மூன்று மணிக்கு வெப்பமானியைப் பாருங்கள், வீட்டில் யாரையாவது படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 27ஐத் தாண்டினால் இப்போதே சரிசெய்யலாம், இன்னும் யாரும் உள்ளே இல்லை.

மின்வெட்டு நம் ஊரில் அரிது. ஆனால் வீட்டுக்குள் சுவிட்ச் ட்ரிப் ஆவது அரிதல்ல. தொட்டியின் வயர்களைப் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கவிட்டு மேலே கொண்டுவாருங்கள், வழியும் உப்புநீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். மின்சாரம் நின்றால் வெப்பம் ஏறுவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். ஊருக்குப் போகும்போது அந்தப் பம்பு எங்கே இருக்கிறது, எந்த சுவிட்சை மேலே தள்ளணும் என்பதைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் காட்டிவிட்டுப் போங்கள். மீன் சாப்பாட்டை நாளுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள். டப்பாவோடு கொடுத்தால் பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்.