ஆப்-ஆம்ப் ஒலிக்கலவைச் சுற்று

பல மைக்குகளின் சிக்னல்களை ஒன்றாகக் கூட்டித் தரும் மின்னணுச் சுற்று. ஒன்றின் அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் மற்றவை அசையாமல் நிற்பதே இதன் சிறப்பு.

அதன் அருமை புனேக் கச்சேரி மேடையில் புரியும். தம் குரு சவாய் கந்தர்வரின் நினைவாக இந்துஸ்தானிப் பாடகர் பீம்சேன் ஜோஷி 1953-இல் அங்கே ஓர் இசைவிழா தொடங்கினார். இந்துஸ்தானி வாய்ப்பாட்டு என்றால் பாடகர், பின்னால் தம்புராக்கள், இருபுறமும் தபலா, ஹார்மோனியம். தம்புரா மெல்லியது, ஆனால் சுருதி அதனிடம்தான். தபலா மைக்கைக் குறைக்கும்போது தம்புராவின் அளவும் மாறினால் பாட்டுக்கே பிடிப்பில்லாமல் போகும். வெறும் மின்தடைகளால் சேர்த்த கலவையில் அதுதான் நேர்கிறது.

தீர்வு போர்க்களத்திலிருந்து வந்தது. பெல் ஆய்வகத்தின் கார்ல் சுவார்ட்செல் 1941-இல் காப்புரிமை கோரிய வெற்றிடக்குழாய்க் கூட்டல் பெருக்கி, விமான எதிர்ப்புப் பீரங்கிக்குக் குறி கணிக்கும் எம்9 கருவியில் இடம்பெற்றது. ‘ஆபரேஷனல் ஆம்ப்ளிஃபையர்’, சுருக்கமாக ஆப்-ஆம்ப், என்ற பெயர் 1947-இல் ஜான் ரகசினியின் கட்டுரையில் வந்தது. 1968-இல் ஃபேர்சைல்டின் 741 சிப் அதை மாணவர் கைக்கும் எட்டச் செய்தது.

மைக் சிக்னலை முதலில் தனியே பெருக்கிக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு வழியும் 10 கிலோ ஓம் மின்தடை வழியாக ஆப்-ஆம்பின் எதிர் உள்ளீட்டில் சேரும். வெளியீட்டிலிருந்து அதே முனைக்கு இன்னொரு 10 கிலோ ஓம். நேர் உள்ளீடு தரையில் இணைந்திருப்பதால் அந்த முனையை ஆப்-ஆம்ப் ஏறக்குறைய பூஜ்ய வோல்ட்டிலேயே பிடித்து வைக்கிறது. அதனால் ஒவ்வொரு வழியும் தன் மின்னோட்டத்தைத் தரைக்கு அனுப்புவதுபோல் அனுப்பிவிடுகிறது. பக்கத்து வழி அதைத் தொடுவதில்லை. சுற்றின் அழகெல்லாம் இந்த ஒரு முனையில்தான்.

741 இன்றும் பாடநூல்களில் வாழ்கிறது, ஆனால் ஒலிக்கு ஏற்றதல்ல. 20 கிலோஹெர்ட்ஸில் 10 வோல்ட் உச்சம் தொட மைக்ரோ நொடிக்கு 1.26 வோல்ட் வேகம் வேண்டும். அதனிடம் இருப்பது 0.5. டிஎல்072 சிப்பில் 13. இரைச்சல் குறைய வேண்டுமானால் என்இ5532.

புனேயில் இதற்கான பொருள்களுக்கு புத்வார் பேட்டையின் தப்கீர் கல்லிக்குப் போகலாம்.

வழிகள் கூடக்கூட ஆப்-ஆம்பின் சொந்த இரைச்சலும் பெருகும்: ஐந்து வழிக்கு ஆறு மடங்கு. தம்புராவின் நாதம் மூழ்குவது இதில்தான். ஆகவே பயன்படாத வழியை, ஒலியளவைக் குறைத்து மட்டும் விடாமல், கூட்டல் முனையிலிருந்தே துண்டித்துவிட வேண்டும்.