வெட்டுப்புள்ளிக்கு இந்தப் பக்கம்

2013இல் யாழ்ப்பாணம் கம்பஸுக்கு வந்தபோது திருநெல்வேலியில் ஒரு வீட்டில் அறை எடுத்தேன். வீட்டுக்கார ஐயா பென்சனியர். முதல் நாளே கேட்டார்: "பிள்ளைக்கு எவ்வளவு இசட் ஸ்கோர்?" சொன்னேன். "ஓ, மன்னார் கோட்டாவே..." என்று இழுத்தார். பிறகு மெதுவாக, "நானும் இஞ்சினியரா வந்திருக்க வேண்டியவன். தரப்படுத்தல் விடேல்ல" என்றார். 1973, 1974 இரண்டு தடவையும் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை.

தரப்படுத்தல் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் இரண்டு விசயம். முதலாவது மொழி. 1971இல் பொறியியலுக்குத் தமிழ்மொழி மாணவர் 400க்கு 250 எடுக்க வேண்டும். சிங்களமொழி மாணவருக்கு 227 போதும். 1973இல் மொழிவாரியாகப் புள்ளிகளையே தரப்படுத்தினார்கள். இதற்கு நியாயம் சொல்ல என்னால் ஏலாது.

இரண்டாவது, 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு. சனத்தொகைக்கு ஏற்ப ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இடம். 1969இல் நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ 7 சதவீதமே இருந்த வடமாகாணம், விஞ்ஞானத் துறை அனுமதிகளில் 27.5 சதவீதத்தைப் பெற்றிருந்தது. ஐந்தே வருசத்தில் அது 7 ஆகியது. மிசன் காலத்திலிருந்து பள்ளிக்கூடங்களையும் ஆய்வுகூடங்களையும் கட்டி, தோட்டக்காணியை ஈடு வைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்த குடாநாட்டுக்கு அது பேரிடி. கொழும்புக்கும் அடி விழுந்தது. ஆனால் இடம் யாருக்குப் போனது? கண்டிப்பக்கக் கிராமங்களுக்கு, கிழக்குக்கு, எங்கட மன்னாருக்கும்தான்.

நான் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணியில் வயல் செய்யும் ஊர்க்காரி. ஏ.எல். படித்த இரண்டு வருசத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இருந்தது ஏழு மாதம். மிச்சத்தைப் பழைய வினாத்தாள்களை வைத்து நாங்களே படித்தோம். இன்று 40 சதவீதம் அகில இலங்கைத் தகுதி, 55 மாவட்டம், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் நான் இங்கே இல்லை.

என் வகுப்பில் மொனராகலையிலிருந்து வந்த ஒருத்தி இருந்தாள். அரைகுறைத் தமிழும் அரைகுறைச் சிங்களமும் கலந்து பேசிக்கொள்வோம். அவளுக்கும் பௌதிக ஆசிரியர் இருக்கவில்லையாம். அன்றைக்கு ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். ஐயாவின் இடம் யாரிடம் போனது என்று கேட்டால், அவளை மட்டும் கைகாட்ட எனக்கு மனம் வராது. என்னையும் காட்டவேண்டும்.

1974இலேயே, பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில் யாழ்ப்பாண வளாகம் திறந்தது. ஐயாவின் வீட்டிலிருந்து நடை தூரம். அவர் ஒருநாளும் அதற்குள் படிக்கவில்லை.

கடைசி வருசத்தில் ஒரு பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது துணிந்து சொன்னேன்: "ஐயா, மொழிவாரியா வெட்டினது வேற, மாவட்டம் வேற. ரெண்டையும் சேர்த்துத் திட்டக்கூடாது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "உனக்கு அது ரெண்டு சட்டம். ரெண்டு தரமும் எழுதி ரெண்டு தரமும் வீட்டில இருந்தவனுக்கு அது ஒண்டுதான் பிள்ளை."

அவர் சொன்னது சரி. நான் சொன்னதும் சரிதான். நான் கம்பஸ் முடித்து ஊருக்குத் திரும்பி, இப்போது பௌதிகவியல் படிப்பிக்கிறேன். அந்த ஏழு மாதம் இரண்டு வருசமானால்தான் எங்கட பிள்ளைகளுக்குக் கோட்டா தேவைப்படாத ஒரு நாள் வரும்.