ஹௌரா பாலமும் ஒன்பதின்மர் ஜூரியும்

சென்னை மெயிலில் வந்து ஹௌரா நிலையத்தில் இறங்கிய நம்மவர், தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளும் ஊறுகாய் ஜாடியுமாக நிலைய வாயிலுக்கு வந்து நின்றதும் முதன்முதல் கண்டது ஆற்றின்மேல் எழுந்து நிற்கும் மாபெரும் எஃகுப் பாலத்தையே. அதனைக் கடந்தே நம் முன்னோர் இந்நகருக்குள் புகுந்தனர், வேலை தேடினர், வீடு தேடினர், நம்மையும் வளர்த்து ஆளாக்கினர். 2001ஆம் ஆண்டு முதல் இந்நகரின் பெயர் கொல்கத்தா. எனினும் நம் காலனி முதியோர் நாவில் அது இன்றும் கல்கத்தாவே. இக்கட்டுரையில் பழஞ்செய்திகளே மிகுதியாதலின் நாமும் அப்பெயரையே ஆள்வோம்.

அப்பாலத்தை எண்ணுந்தோறும் எமக்கு நினைவுக்கு வருவது ஒரு நீதிமன்ற அழைப்பாகும். 1960களின் தொடக்கத்தில், வணிக நிறுவனமொன்றில் கணக்கராக இருந்த எம் தந்தையார் பெயருக்கு உயர்நீதிமன்றத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. கோர்ட்டுக் காகிதத்தைக் கண்டதும் எம் அன்னையார் நடுங்கிப் போனார். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டார். அதன் பின்னரே, வந்தது வழக்கன்று, கொலை வழக்கொன்றில் ஜூரியாக அமரும்படி வந்த அழைப்பு என்பது விளங்கிற்று.

அழைக்கப்பட்டோர் பெயர்களைச் சீட்டெடுத்து அவர்களுள் ஒன்பதின்மரைத் தேர்ந்தனர். வங்காளியர் சிலர், மார்வாரி வணிகர் ஒருவர், ஆங்கிலோ இந்தியர் ஒருவர், இவர்களோடு எம் தந்தையாரும் அமர்ந்தார். அவ்வழக்கின் விவரத்தையும் தாம் அளித்த முடிவையும் அவர் இறுதிவரை எம்மிடம் கூறினாரில்லை. ஆனால் ஒன்றை மட்டும் பலமுறை கூறியிருக்கிறார். நாள்தோறும் மன்றம் கலைந்ததும் அவர் அருகிலிருந்த சாந்த்பால் படித்துறையில் சற்று நேரம் அமர்ந்து, வடக்கே தெரியும் ஹௌரா பாலத்தைப் பார்த்திருப்பாராம். “இந்த ஊரில் நாம் வந்தேறிகள் என்றே அதுவரை நினைத்திருந்தேன். ஓர் உயிரைப் பற்றி என் கருத்தைக் கேட்டபோது, நீ எந்த ஊர் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை” என்பார்.

அந்தப் படித்துறையிலிருந்தே நம் வரலாற்றையும் தொடங்கலாம். 1774ஆம் ஆண்டு அக்டோபரில், கல்கத்தாவில் அமைக்கப்பட்ட சுப்ரீம் கோர்ட்டின் நீதிபதிகள் இங்கிலாந்திலிருந்து வந்து கரையிறங்கிய துறை அதுவே. அவர்களோடு ஆங்கில நாட்டு ஜூரி முறையும் இங்கு வேரூன்றியது. அதன் தொடக்கம் நற்பெயர் தருவதாயில்லை. கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது கையூட்டுக் குற்றம் சாட்டிய மகாராஜா நந்தகுமார், பழைய பத்திரம் ஒன்றைப் பொய்யாகப் புனைந்தார் என்று குற்றம் சாட்டப்பெற்று, தலைமை நீதிபதி எலைஜா இம்பே முன்னிலையில் விசாரிக்கப்பட்டார். ஜூரியாக அமர்ந்தோர் பன்னிருவர். 1775ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். தன் நாட்டிலேயே தன்னவர் ஒருவரும் இல்லாத அவையில் ஒருவரின் உயிர் நிறுக்கப்பட்டது.

அந்த அவையில் இந்தியர் இடம் பெற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1826இல் இயற்றப்பட்ட சட்டம் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களிலும் இந்தியர் ஜூரியாக அமரலாம் என்றது. ஆனால் அச்சட்டத்தில் ஒரு முள்ளும் இருந்தது: கிறிஸ்தவர் ஒருவர் குற்றவாளிக் கூண்டில் நின்றால் கிறிஸ்தவரே ஜூரியாக அமரவேண்டும், இந்துவும் முஸ்லிமும் அமர்தல் கூடாது. தம்மை விசாரிக்கும் உரிமை பிறர்க்கு உண்டு, பிறரை விசாரிக்கும் உரிமை தமக்கில்லை என்னும் இவ்வநீதியை எதிர்த்து ராஜா ராம்மோகன் ராய் உள்ளிட்ட பெருமக்கள் குரல் கொடுத்தனர். 1832இல் வந்த மற்றொரு சட்டம் அவ்வேறுபாட்டை நீக்கிற்று. 1862இல் கல்கத்தாவுக்கு வெளியே வங்காளத்தின் சில மாவட்டங்களிலும் ஜூரி முறை புகுந்தது.

எனினும் நிறவேறுபாடு முற்றும் ஒழியவில்லை. 1883இல் எழுந்த இல்பர்ட் மசோதாக் கிளர்ச்சியின் பயனாக, தம் ஜூரியில் பாதிப்பேரேனும் ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருக்கவேண்டும் எனக் கோரும் உரிமையை 1884இல் வெள்ளையர் பெற்றனர். மறுபுறம், 1892இல் வங்காள அரசு சில குற்றங்களை ஜூரி விசாரணையினின்று விலக்க முற்பட்டபோது, பொதுமக்கள் கண்டனம் ஓங்கியெழவே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. பிறர் கொணர்ந்த முறையாயினும், அதனைத் தம் உரிமையாகக் காத்துக்கொள்ளும் நிலைக்கு மக்கள் வந்துவிட்டனர் என்பதை இது காட்டும்.

ஜூரி என்னும் சொல் தமிழ்நாட்டில் பட்டி தொட்டியெங்கும் பரவியது லட்சுமிகாந்தன் கொலை வழக்கினாலேயாகும். 1945இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் குற்றவாளிகள் என ஒன்பதின்மருள் அறுவர் கூறினர், மூவர் மறுத்தனர். பிரிவி கவுன்சில் வரை சென்ற அவ்வழக்கில் 1947இல் அவ்விருவரும் விடுதலை பெற்றனர். ஜூரியும் தவறக்கூடும் என்பதை நம் வீட்டுப் பாட்டிமாரும் அறிந்துகொண்டனர்.

விடுதலைக்குப் பின் இம்முறையின் குறைகளே பெரிதும் பேசப்பட்டன. 1958இல் சட்டக் கமிஷன் ஜூரி முறையை நீக்கலாம் எனப் பரிந்துரைத்தது. மறு ஆண்டில் பம்பாயில் நடந்த கடற்படை அதிகாரி நானாவதி வழக்கில், எண்மருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஜூரியார் அவரைக் குற்றமற்றவர் என்றனர். அம்முடிவை நீதிபதி ஏற்காமல் உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பினார், உயர்நீதிமன்றம் தண்டித்தது, 1961இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அதுவே நாட்டின் கடைசி ஜூரி வழக்கு என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கல்கத்தாவில் அதன் பின்னரும் ஜூரியார் அமர்ந்தனர்; எம் தந்தையாரும் அவர்களுள் ஒருவரே. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரல் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தபோது ஜூரிக்கு அதில் இடமில்லாது போயிற்று. பார்சி மக்களின் திருமண வழக்குகளில் மட்டும் அச்சமூகத்தார் அமர்ந்து கருத்துரைக்கும் வழக்கம் அதன் எச்சமாகச் சட்டத்தில் நின்றது.

இனி, எம் தந்தையார் படித்துறையில் அமர்ந்து நோக்கிய பாலத்தின் கதைக்கு வருவோம். ஹௌராவையும் கல்கத்தாவையும் முதலில் இணைத்தது சர் பிராட்ஃபோர்டு லெஸ்லி அமைத்த மிதவைப் பாலமாகும். வரிசையாக நிறுத்திய மிதவைகளின்மேல் பாதை அமைந்த அதன் நீளம் 1,528 அடி. 1874 மார்ச்சில் பணி முடியாதிருந்தபோதே, புயலில் கட்டறுந்த நீராவிக் கப்பல் ஒன்று அதன்மேல் மோதி மூன்று மிதவைகளை மூழ்கடித்தது. ஆயினும் அவ்வாண்டு அக்டோபரிலேயே பாலம் திறக்கப்பெற்றது. கப்பல் செல்லவேண்டியபோது நடுவில் 200 அடி அகலத்துக்கு அதனை விலக்கிவிடுவர். அவ்வேளையில் மாட்டுவண்டியும் கோச்சுவண்டியும் பல்லக்கும் இருகரையிலும் காத்து நிற்கும். லெஸ்லி நகருக்கு வடக்கே நைஹாட்டிக்கும் பண்டேலுக்கும் இடையே எழுப்பிய ஜூபிலி ரயில் பாலமோ 1887 முதல் 2016 வரை தொண்டாற்றிய பின்னரே ஓய்வு பெற்றது.

நகரம் வளர வளர மிதவைப் பாலம் போதாதாயிற்று. 1930களின் பிற்பகுதியில் புதிய பாலத்தின் வேலை தொடங்கியது. இரு கரைகளிலிருந்தும் இரு கைகளை நீட்டுவதுபோல் கட்டிக்கொண்டே வந்து, இடையில் ஒரு தூணுமின்றி நடு ஆற்றில் இணைத்தனர். கோபுரத்துக்குக் கோபுரம் இடைவெளி 1,500 அடி. கோபுரத்தின் உயரம் 280 அடி. போரினால் இங்கிலாந்து எஃகு கிடைப்பது அரிதாகவே, வேண்டிய 26,500 டன்னில் 23,000 டன்னை டாடா ஆலை வழங்கியது. நட்டும் போல்ட்டும் இன்றி ரிவெட்டுகளாலேயே பிணைக்கப்பட்ட பாலம் இது. 1943 பிப்ரவரி 3ஆம் நாள், ஜப்பானியர் குண்டு வீசுவர் என்னும் அச்சத்தினால் விழாவோ விளம்பரமோ இன்றி, ஒற்றை டிராம் வண்டியை ஓட்டித் தன் பணியைத் தொடங்கியது. 1965இல் கவியரசர் தாகூரின் நினைவாக ரவீந்திர சேது எனப் பெயர் பெற்றது. 1992இல் வித்யாசாகர் சேது வந்தது; 2024இல் ஆற்றின் அடியிலேயே மெட்ரோ ரயிலும் ஓடத் தொடங்கியது. ஆயினும் நடந்து செல்லும் ஏழை மக்களின் பாலம் ஹௌரா பாலமேயாகும்.

ஜூரியையும் பாலத்தையும் ஒரே கட்டுரையில் ஏன் சேர்த்தோம் என அன்பர்கள் வினவலாம். இரண்டும் பிறர் நாட்டுப் பொறுப்பாளர் வகுத்த திட்டத்தில் பிறந்தவை. இரண்டும் காலப்போக்கில் இந்நகர மக்களின் உடைமையாயின. ஒன்று மறைந்தது. அது மீளவேண்டும் என்று நாம் வாதாடவில்லை. நந்தகுமாரின் முடிவை அறிந்தவர் அவ்வளவு எளிதில் வாதாட மாட்டார். ஆயினும் ஜூரி போனபோது அதனுடன் போனது ஒன்றுண்டு. மதுரையிலிருந்தோ மாயவரத்திலிருந்தோ பிழைக்க வந்த ஒரு கணக்கரை அழைத்து, “இந்நகரின் நீதியில் உமக்கும் பங்குண்டு, வந்து அமரும்” என்று அரசே கூறிய குரல் அது. இன்று அவ்வாறு நம்மை எவரும் அழைப்பதில்லை. வரி கட்டுகிறோம், வாக்களிக்கிறோம், சங்கத்தில் நவராத்திரியும் பொங்கலும் கொண்டாடுகிறோம். நகரத்தின் சுமையில் நம் பங்கு யாது என்று கேட்பாரில்லை, நாமும் கேட்டுக்கொள்வதில்லை.

ஆனால் பாலம் கேட்கிறது. 2011இல் அதனைச் சோதித்தபோது, தொங்குகால்களின் அடியைக் காத்த எஃகு உறைகள் நான்கே ஆண்டுகளில் 6 மில்லிமீட்டர் கனத்திலிருந்து 3 மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்திருந்தன. காரணம் புயலன்று, வெள்ளமன்று. நடந்து செல்வோர் துப்பிய வெற்றிலை எச்சில்! பின்னர் அவற்றுக்குக் கண்ணாடி இழையாலான உறை இட்டனர். போர்க்காலத்தையும் தாங்கி நின்ற எஃகு, நாள்தோறும் அதன்மேல் நடப்பவரின் அசட்டையினால் அரிக்கப்பட்டது. தாம்பூலம் நமக்கும் மங்கலப் பொருளே. அதனை எங்கே துப்புவது என்பதும் நம் பண்பாட்டைச் சேர்ந்ததே.

வரும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில், காலனிப் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அப்பாலத்தின்மேல் ஒருமுறை நடந்து செல்வாராக. கீழே மல்லிக் காட் பூச்சந்தையில் செண்டுமல்லி மாலைகள் குவிந்திருக்கும். வீட்டுப் பூசைக்கும் வாங்கிக்கொள்ளலாம். பிறகு ஆற்றோரமாகத் தெற்கே சென்று சாந்த்பால் படித்துறையில் சற்று அமர்ந்து, அருகே நிற்கும் உயர்நீதிமன்றக் கோபுரத்தைக் காட்டி, “அந்த மன்றத்தில் ஒருகாலத்தில் நம்மவரும் ஜூரியாக அமர்ந்தனர்” என்று சொல்வாராக. இது நம் நகரம் என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்த அதனினும் எளிய வழி எமக்குத் தெரியவில்லை.