பயத்தில் சொன்ன பொய்: சாக்கோ – வன்செற்றி வழக்கு

நிக்கொலா சாக்கோ, பார்த்தலோமியோ வன்செற்றி என்ற இரண்டு இத்தாலியக் குடியேறிகளை அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலம் மின்சாரக் கதிரையில் இருத்திக் கொன்றது 1927 ஓகஸ்ட் 23ஆம் திகதி. அவர்கள் உண்மையிலே குற்றவாளிகளா என்று இன்றைக்கும் புத்தகம் எழுதுகிறார்கள். நான் அதைத் தீர்த்து வைக்க வரவில்லை. அகதிகளாக வந்த எமக்கு அந்த வழக்கிலே வேறொரு விஷயம் முக்கியமானது. பயத்தில் சொன்ன பொய் எப்படிக் கொலைக்குச் சாட்சியாக மாறியது என்பதுதான் அது.

நாங்கள் புத்தாண்டு கொண்டாடுகிற இதே ஏப்ரல் நடுப்பகுதியில், 1920ஆம் ஆண்டு 15ஆம் திகதி, சவுத் பிறெயின்றீ என்ற ஊரில் ஒரு சப்பாத்துத் தொழிற்சாலையின் சம்பளப் பணம் 15,776 டொலர் கொள்ளை போனது. பணம் கொண்டுபோன இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மே 5ஆம் திகதி இரவு ஒரு டிராம் வண்டியில் வைத்துச் சாக்கோவையும் வன்செற்றியையும் பொலிசார் பிடித்தார்கள். ஒருவர் சப்பாத்துத் தொழிலாளி, மற்றவர் மீன் விற்றுத் திரிந்தவர். இருவரிடமும் துவக்கு இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் அந்தக் காலத்தையும் பாருங்கோ. இருவரும் அனார்க்கிஸ்டுகள், அதாவது அரசே வேண்டாம் என்கிற கொள்கைக்காரர். 1917இல் யுத்தத்துக்கு ஆள் பதிந்தபோது மெக்சிக்கோவுக்கு ஓடினவர்கள். 1919, 1920இல் ஆயிரக்கணக்கான வெளிநாட்டுத் தொழிலாளரைச் சுற்றிவளைத்துப் பிடித்து, பலரை நாடு கடத்தினார்கள். இவர்கள் பிடிபட இரண்டு நாளுக்கு முன்புதான், நியூயோர்க்கில் தடுத்து வைக்கப்பட்டிருந்த இவர்களது தோழர் சல்செடோ 14ஆம் மாடியிலிருந்து விழுந்து செத்துப்போனார். அன்றிரவு பொலிஸ் அதிகாரி கேட்ட கேள்விகளும் கொள்கையைப் பற்றியவை. நீ அனார்க்கிஸ்டா? கொம்யூனிஸ்டா? கொலை பற்றி அவர் வாய் திறக்கவில்லை. இருவரும் யாரைத் தெரியும், எங்கே போனோம் என்பதிலெல்லாம் பொய் சொன்னார்கள். சீருடையைக் கண்டாலே நாக்கு ஒட்டிப்போகிற எங்கட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

முதலில் வேறொரு கொள்ளை முயற்சிக்காக, 1920இல் பிளிமத்தில் வன்செற்றி தனியாக விசாரிக்கப்பட்டார். நத்தாருக்கு முதல்நாள் தங்களுக்கு விலாங்குமீன் விற்றுக்கொண்டு நின்றவர் என்று பல இத்தாலியர்கள் சாட்சி சொன்னார்கள். இத்தாலியனுக்கு இத்தாலியன் சொல்லும் சாட்சி எடுபடவில்லை. தனது கொள்கை வெளியே வந்துவிடும் என்று வன்செற்றி சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. அந்த மௌனமும் அவருக்கு எதிராகத்தான் போனது.

கொலை வழக்கு 1921 மே 31ஆம் திகதி டெடமில் தொடங்கியது. அதற்குப் பன்னிரண்டே நாளுக்கு முன்புதான் குடிவரவை மட்டுப்படுத்தும் கோட்டாச் சட்டம் கையெழுத்தாகியிருந்தது. நீதிபதி பழைய ஆள்தான், வெப்ஸ்ரர் தேயர். யூரர்கள் பன்னிரண்டு பேரில் ஒரு இத்தாலியரும் இல்லை. பிடிபட்ட இரவு பொய் சொன்னதே குற்ற உணர்வின் அடையாளம் என்று அரசதரப்பு வாதிட்டது. இதிலேதான் பொறி இருந்தது. ஏன் பொய் சொன்னோம் என்று விளங்கப்படுத்துவதென்றால், நாங்கள் அனார்க்கிஸ்டுகள், யுத்தத்துக்குப் போகாமல் ஓடினவர்கள், நாடு கடத்துவார்கள் என்று பயந்தோம் என்று யூரர்களுக்கு முன்னால் தாங்களே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கொலைகாரர். சொன்னால் தேசத்துரோகிகள். இந்த முறை இருவரும் சொன்னார்கள்.

அரச வழக்கறிஞர் கட்ஸ்மன் சாக்கோவைப் பிடித்துக்கொண்டார். 1917 மே மாதக் கடைசி வாரத்தில் இந்த நாட்டை நேசித்தாயா என்பது அவர் கேட்ட கேள்வி. சம்பளக் கொள்ளைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சாக்கோ தன் உடைந்த ஆங்கிலத்தில் ஏழைத் தொழிலாளியின் பிள்ளைக்கு ஹார்வர்ட் கிடைக்காது என்றெல்லாம் நீளமாகப் பேசினார். பொஸ்ரன் நகரம் எத்தனை பிள்ளைகளை இலவசமாகப் படிப்பிக்கிறது தெரியுமா என்று கட்ஸ்மன் மடக்கினார். கடைசியில் நீதிபதி, யூரர்களை யுத்தத்துக்குப் போன போர்வீரருக்கு ஒப்பிட்டு, அமெரிக்க விசுவாசத்தைப் புகழ்ந்து தொகுப்புரை சொன்னார். ஜூலை 14ஆம் திகதி இருவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

மறுவிசாரணை கேட்டு மனுவுக்கு மேல் மனு போட்டார்கள். அன்றைய மசாசுசெற்ஸ் சட்டப்படி அந்த மனுக்களைக் கேட்டவரும் தேயரேதான்! எல்லாவற்றையும் தள்ளினார். இடையிலே ஒரு பேராசிரியரிடம் இவர்களைக் கெட்ட வார்த்தையால் குறிப்பிட்டு, தான் செய்ததைப் பார்த்தீரா என்று பெருமையடித்ததும் பிறகு வெளிவந்தது. 1925இல் சிறையிலிருந்த இன்னொரு கைதி, அந்தக் கொள்ளையில் தான் பங்கு என்றும் இவர்கள் அங்கே இல்லை என்றும் எழுதிக் கொடுத்தான். அதுவும் பலிக்கவில்லை. ஆளுநர் நியமித்த ஆலோசனைக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தலைவர் லோவெல். குடிவரவுக் கட்டுப்பாட்டுக்கு நெடுநாளாகக் குரல் கொடுத்தவர் அவர்.

1961இலும் 1983இலும் செய்த பரிசோதனைகள், ஒரு குண்டு சாக்கோவின் துவக்கிலிருந்துதான் வந்தது என்ற பக்கமாகச் சாய்ந்தன. குண்டையே மாற்றிவிட்டார்கள் என்று வாதிடுவோரும் உண்டு. குண்டு யாருடையதாக இருந்தாலும், 1917இல் நாட்டை நேசித்தாயா என்ற கேள்விக்கு அந்த நீதிமன்றில் இடமிருந்திருக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

ஐம்பது வருடம் கழித்து, 1977 ஓகஸ்ட் 23ஆம் திகதியை ஆளுநர் மைக்கல் டுக்காக்கிஸ் அவர்களது நினைவுநாளாகப் பிரகடனம் செய்தார். அவரே கிரேக்கக் குடியேறிகளின் மகன். வெளிநாட்டார் மீதும் மாற்றுக் கொள்கை மீதும் இருந்த வெறுப்பு அந்த விசாரணையில் ஊறியிருந்தது என்று அதில் சொல்லப்பட்டது. மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் அவர் தவிர்த்துக்கொண்டார். மன்னித்தால் குற்றம் செய்தார்கள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா?