மாவிலாற்றுக் கதவு

எல்லை தாண்டும் ஆறுகள் என்றதும் சிந்து, கங்கை, நைல் என்றே நம்மவர் பேச்சு போகும். இலங்கையோ தீவு. இதன் 103 ஆறுகளும் இங்கேயே பிறந்து இங்கேயே கடலில் சேர்கின்றன. ஆகவே ஆற்றுப் பங்கீடு நமக்குரிய பாடமில்லை என்று நினைப்பவர்கள் 2006ஆம் ஆண்டை மறந்துவிட்டார்கள் என்றே சொல்வேன்.

335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி மூதூருக்கருகே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. அதன் ஒரு கிளை வெருகலாறு. அங்கிருந்து மாவிலாறு வழியாக வரும் தண்ணீரில்தான் சேருவில, கல்லாறு, தோப்பூர், மூதூர்ப் பக்கத்து வயல்கள் விளைகின்றன. சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் மூவரின் வேளாண்மையும் ஒரே கதவை நம்பியது. 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை ஒப்பமானபோது அந்தக் கதவு புலிகளின் பக்கம் இருந்தது. வயல்களில் பெரும்பகுதி அரசின் பக்கம். நாடு ஒன்று, ஆட்சி இரண்டு, ஆறு ஒன்று.

உடன்படிக்கையில் பாதை உண்டு, மீன்பிடி உண்டு, பாடசாலையும் வணக்கத்தலமும் உண்டு. பாய்ச்சல் தண்ணீருக்கு ஒரு வாசகம் இல்லை. ஊர் வட்டவிதானையார் ஒருவரைக் கேட்டிருந்தால், முதலில் அதைத்தான் எழுதவேண்டும் என்றிருப்பார்.

இந்தியாவும் பாகிஸ்தானும் 1960இல் உலக வங்கியின் மத்தியஸ்தத்தில் சிந்து உடன்படிக்கை செய்தன. 1965, 1971, 1999 சண்டைகளிலும் அது முறியவில்லை. 2025 ஏப்ரலில்தான் இந்தியா அதை இடைநிறுத்தியது. பகைவருக்கிடையே கூட எழுத்து சில காலம் தாங்கும். நமது மரபிலும் வழி இல்லாமலில்லை. மதீனாவின் ஹர்ராப் பகுதி வாய்க்கால் வழக்கில், மேலே உள்ளவர் தன் தோட்டத்துக்குப் பாய்ச்சிவிட்டுக் கீழுள்ளவருக்கு விடவேண்டும் என்றே நபிகளாரின் தீர்ப்பு அமைந்தது. மேட்டுக்காரருக்கு முதல் உரிமை. அடைத்து வைக்க உரிமையில்லை.

2006 ஜூலை 20 அளவில் கதவு மூடப்பட்டது. தங்கள் பகுதிக்கும் குடிநீர்த் திட்டம் வரவேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். கோரிக்கை நியாயம்தான். ஆனால் அதைக் கேட்டு வாங்க, கதிர் வாடும் சிறுபோகத்தில் 15,000 குடும்பங்களின் தண்ணீரை நிறுத்தியதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? அன்றைய செய்திகள் பாதிப்பை 30,000 ஏக்கர் என்றன.

அரசும் பொறுக்கவில்லை. ஜூலை 26இல் விமானக் குண்டுவீச்சு தொடங்கியது. ஆகஸ்ட் 6இல் கண்காணிப்புக் குழுத் தலைவர் உல்ஃப் ஹென்றிக்ஸன் கதவைத் திறக்கவைக்க நேரில் போனார். அருகே செல் விழுந்ததால் திரும்பினார். தண்ணீர்தான் தேவையென்றால் அவரைப் போகவிட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இதற்கிடையில் ஆகஸ்ட் 2இல் புலிகள் மூதூருக்குள் நுழைந்தார்கள். மக்கள் தஞ்சம் புகுந்த பாடசாலைகளிலும் செல் விழுந்தது. 4ஆம் திகதி பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் 17 ஊழியர்கள் மூதூரில் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். பல்லாயிரம் முஸ்லிம்கள் ஊரை விட்டுக் கந்தளாய்க்கு நடந்தார்கள்.

ஆகஸ்ட் 8இல் கதவு திறந்தது. யார் திறந்தார் என்பதில் இரு தரப்பும் வேறு வேறு கதை சொன்னன. 15ஆம் திகதி அணை இராணுவத்தின் கைக்கு வந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடியபோது மூதூர் வயற்காரர் பலர் கந்தளாய் முகாம்களில் தண்ணீர்ப் பவுசருக்கு வரிசையில் நின்றார்கள்.